தினசரி டேட்டா தீர்ந்ததும் 64 கேபிபிஎஸ்: ரூட் செய்த போனில் இதைத் தாண்ட முடியுமா?

மாடிவீட்டு_மைனர்:

வணக்கம் மக்களே. பாளையங்கோட்டையில் இருந்து எழுதுகிறேன். எங்கள் தெருவுக்கு இன்னும் ஃபைபர் வரவில்லை, கம்பம் நட்டதோடு நிற்கிறது, அதனால் ஆபீஸ் வேலை முழுக்க போன் ஹாட்ஸ்பாட்டில்தான் ஓடுகிறது. பிளான் நாளைக்கு 2 ஜிபி, கூடவே அன்லிமிடெட் 5ஜி என்று போட்டிருக்கிறது. காலையில் பிரமாதமாக ஓடும். மதியம் தாண்டியதும் தினசரி டேட்டா முடிந்தது என்று மெசேஜ் வந்துவிடும், அதோடு 64 கேபிபிஎஸ், ஒரு மெயில் திறப்பதற்குள் டீ ஆறிவிடும். சில சமயம் திடீரென்று வேகம் திரும்பி வரும், பத்து நிமிஷத்தில் மறுபடியும் படுத்துவிடும், அதற்கும் காரணம் புரியவில்லை.

போன் குவால்காமின் ஸ்னாப்டிராகன் சிப், கம்பெனி ஆண்ட்ராய்டுக்குப் பதில் லினேஜ் ஓஎஸ் என்ற கஸ்டம் ரோம், மேஜிஸ்க் என்ற கருவி போட்டு ரூட் செய்தது, அதாவது சிஸ்டத்தின் முழு உரிமையும் என்னிடம். இதுவரை பண்ணிப் பார்த்தவை: டிடிஎல்லை (பாக்கெட் என்கிற ஒவ்வொரு டேட்டாத் துண்டிலும் இருக்கும் ஒரு எண், வேகத்தின் 64 வேறு) 64 ஆக வைக்கும் மேஜிஸ்க் மாட்யூல், பில்ட் ப்ராப் என்ற சிஸ்டம் செட்டிங் ஃபைலில் சேர்க்கச் சொல்லி ஒரு யூடியூப்காரர் கொடுத்த 'ஸ்பீடு' வரிகள், டிஎன்எஸ் 1.1.1.1, பிபிஆர் (டேட்டாவை எவ்வளவு வேகமாக அனுப்புவது என்று முடிவு செய்யும் முறை) உள்ள கஸ்டம் கர்னல் (ஆண்ட்ராய்டின் அடித்தளம்), இலவச விபிஎன்கள். ஒன்றுக்கும் அசையவில்லை.

போன் முழுக்க என் கையில் இருக்கிறது, கர்னல் வரைக்கும் நான் சொன்னதைக் கேட்கிறது, அப்படியிருக்க வேகத்தை யார் எங்கே பிடித்து வைத்திருக்கிறார்கள்? இந்தப் பக்கத்தில் இருந்து அதை அவிழ்க்க வழி உண்டா? "ஆட்-ஆன் பேக் போடு" என்று மட்டும் சொல்லாதீர்கள், அது எனக்கும் தெரியும்.

கர்னல்காரன்:

முதலில் கசப்பானதைச் சொல்லிவிடுகிறேன். கோட்டா தீர்ந்ததும் விழும் 64 கேபிபிஎஸ்ஸை ரூட்டை வைத்து நீக்க முடியாது. மேல்நிலைத் தொட்டியில் வால்வை மூடிய பிறகு வீட்டுக் குழாயை எத்தனை திருகு திருகினாலும் தண்ணீர் கூடாது, அதே கதைதான். உங்கள் போனின் கர்னல் தன்னிடம் வந்து சேர்ந்த பாக்கெட்டைத்தான் கையாள முடியும். பாக்கெட் டவருக்குக் கூட வருவதற்கு முன்பே, ஆபரேட்டரின் கோர் நெட்வொர்க்கில் (டவர்களுக்குப் பின்னால் உள்ள மையப் பகுதி) இருக்கும் கேட்வேயில் வேகத்தைக் கட்டிவிடுகிறார்கள். கணக்கும் சிம்மின் பேரில்தான் ஓடுகிறது, போனின் பேரில் இல்லை. அதே சிம்மைக் கழற்றி ரூட் செய்யாத வேறு போனில் போட்டாலும் அதே 64தான் வரும், வேண்டுமானால் இன்றைக்கே போட்டுப் பாருங்கள்.

நீங்கள் செய்தவை ஏன் அசையவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், இதே பட்டியலோடு நிறையப் பேர் வருகிறார்கள். டிஎன்எஸ் மாற்றினால் பெயரை முகவரியாக மாற்றும் அந்த ஒரு கணம் வேகமாகலாம், அதன் பிறகு வரும் டேட்டாவுக்கும் டிஎன்எஸ்ஸுக்கும் சம்பந்தமே இல்லை. பில்ட் ப்ராப் வரிகள் 3ஜி காலத்துச் சரக்கு, எச்எஸ்பிஏ கிளாஸ், டிசிபி பஃபர் அளவு என்று எழுதியிருக்கும், இன்றைய மோடம் ஃபர்ம்வேர் அதை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. பிபிஆர் நல்ல அல்காரிதம், கூகுள் 2016இல் வெளியிட்டது, ஆனால் டிசிபி நெரிசல் கட்டுப்பாடு அனுப்புகிறவர் பக்கம் நடக்கிற வேலை. உங்கள் கர்னலில் பிபிஆர் இருந்தால் நீங்கள் அப்லோட் செய்யும்போது அது பேசும், டவுன்லோடில் எதிர்முனை சர்வர் எந்த அல்காரிதம் வைத்திருக்கிறதோ அதுதான் சட்டம். டவுன்லோட் ஸ்பீடுக்காக பிபிஆர் கர்னல் தேடுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். விபிஎன் உள்ளே என்ன போகிறது என்பதை மறைக்கும், எவ்வளவு போகிறது என்பதை மறைக்காது. என்கிரிப்ஷனுக்கான தலைப்புச் சுமையோடு சேர்த்து கோட்டா கொஞ்சம் சீக்கிரமாகவே தீரும், அவ்வளவுதான் லாபம்.

டிடிஎல் வேறு நோய்க்கான மருந்து. ஹாட்ஸ்பாட் டேட்டாவைத் தனியாகப் பிரித்து வேகத்தைக் குறைக்கும் ஊர்களில் அது பேசும். நம் ஊர் சாதாரண ப்ரீபெய்டு பிளான்களில் ஹாட்ஸ்பாட்டுக்கென்று தனிக் கடிவாளம் பொதுவாக இல்லை, எல்லாம் ஒரே 2 ஜிபிக்குள்தான்.

ஆனால் உங்கள் கேள்வியில் ஒரு வரி இடிக்கிறது. அன்லிமிடெட் 5ஜி பிளான் என்கிறீர்கள். 2024 ஜூலைக் கட்டண உயர்வுக்குப் பிறகு நாளைக்கு 2 ஜிபியும் அதற்கு மேலும் உள்ள பிளான்களுக்குத்தான் இந்தச் சலுகை, சரி, உங்களுக்கு அது இருக்கிறது. அப்படியென்றால் 5ஜியில் ஓடும் டேட்டா அந்த 2 ஜிபியில் கழியக் கூடாது. கழிகிறது என்றால் உங்கள் போன் நீங்கள் நினைக்கும் நேரமெல்லாம் 5ஜியில் இல்லை. வேகம் திடீரென்று வந்து போவதும் அதைத்தான் காட்டுகிறது, 5ஜியைத் தொட்டால் பறக்கிறது, 4ஜிக்கு விழுந்தால் 64. மேலே தெரியும் சின்னத்தை நம்பாதீர்கள். டயலரில் \*#\*#4636#\*#\* போட்டு போன் தகவல் பக்கத்தில் டேட்டா நெட்வொர்க் என்ன என்று பாருங்கள், நெட் மானிட்டர் மாதிரி ஒரு ஆப்பும் போட்டு எந்த பேண்ட் (அலைவரிசைத் தொகுதி), சிக்னல் எவ்வளவு டிபிஎம் (மைனஸ் எண், பூஜ்யத்தை நெருங்க நெருங்க நல்லது) என்று எழுதுங்கள். அதைப் பார்த்துவிட்டு மேலே பேசுவோம்.

எடிசன்_தமிழன்:

நியூஜெர்சியில் இருந்து. டிடிஎல் பேச்சு வந்ததால் ஒரு விளக்கம், ஏனென்றால் அந்த மாட்யூல்களெல்லாம் பெரும்பாலும் இங்கத்திய பிளான்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை.

இங்கே போனுக்கு அன்லிமிடெட் என்பார்கள், ஹாட்ஸ்பாட்டுக்கு மட்டும் தனி அளவு, அது தீர்ந்ததும் ஹாட்ஸ்பாட் மட்டும் நத்தை வேகத்துக்கு இறங்கும், போனில் வேகம் அப்படியே இருக்கும். லேப்டாப்பில் இருந்து வருகிறது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்றால், ஆண்ட்ராய்டில் இருந்து கிளம்பும் பாக்கெட்டில் டிடிஎல் 64 இருக்கும், விண்டோஸில் 128. ஒவ்வொரு ரவுட்டரைத் தாண்டும்போதும் ஒன்று குறையும். லேப்டாப் உங்கள் போன் வழியாகப் போகும்போது போனே ஒரு ரவுட்டர், ஆகவே ஆபரேட்டருக்கு 127 அல்லது 63 என்று போய்ச் சேரும். போனில் இருந்தே கிளம்பியது 64 ஆகத்தான் இருக்கும். அந்த ஒரு எண் காட்டிக்கொடுத்துவிடுகிறது. ரூட் உள்ளவர்கள் ஐபிடேபிள்ஸில் (கர்னலுக்குள் இருக்கும் ஃபயர்வால்) மேங்கிள் டேபிளின் போஸ்ட்ரவுட்டிங்கில் ஒரு விதி போட்டு வெளியே போகும் எல்லாவற்றையும் 64 ஆக்கிவிடுகிறார்கள். ஐபிவி6க்கு (புதுவகை இன்டர்நெட் முகவரி முறை) அது ஹாப் லிமிட் என்ற பெயரில் இருக்கிறது, அதற்குத் தனி விதி வேண்டும், பாதிப் பேர் இதை விட்டுவிட்டு "வேலை செய்யவில்லை" என்பார்கள்.

இன்னும் இரண்டு முட்டுக்கட்டை உண்டு. கர்னலில் டிடிஎல் டார்கெட் இல்லாமல் கம்பைல் செய்திருந்தால் டெர்மினலில் "நோ செயின், டார்கெட், மேட்ச் பை தட் நேம்" என்று ஒரே வரியில் முகத்தில் அடிக்கும், மாட்யூல் மட்டும் பச்சை டிக்கோடு ஜம்மென்று உட்கார்ந்திருக்கும். அப்புறம் புதிய ஆண்ட்ராய்டுகளில் ஹாட்ஸ்பாட் டேட்டாவை வேகத்துக்காக ஹார்டுவேரே நேரடியாகக் கடத்திவிடும், பாக்கெட் ஐபிடேபிள்ஸ் பக்கமே வராது. டெவலப்பர் ஆப்ஷன்ஸில் டெதரிங் ஹார்டுவேர் ஆக்சிலரேஷனை அணைத்தால்தான் விதி பிடிக்கும்.

ரூட்டே இல்லாமல் போனில் ஒரு பிராக்ஸி ஆப் ஓட்டி லேப்டாப் உலாவியை அதில் இணைப்பவர்களும் உண்டு. பாக்கெட் போனில் இருந்தே புதிதாகக் கிளம்புவதால் 64 தானாக வந்துவிடும். ஆனால் இதெல்லாம் இங்கே ஒப்பந்தத்துக்கு எதிரானது, லைன் கட்டானால் நொந்துகொள்ள முடியாது, அதைத் தெரிந்துகொண்டு செய்யுங்கள்.

சட்டப் பக்கம் ஒரு சுவையான விஷயம். 2012இல் வெரைசன் என்ற ஆபரேட்டர் தன் வாடிக்கையாளர்களின் டெதரிங் ஆப்களைத் தடுத்ததற்காக தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசிக்கு 12.5 லட்சம் டாலர் கட்டியது. காரணம் நியாயம் தர்மமெல்லாம் இல்லை, அவர்கள் ஏலத்தில் எடுத்த 'சி பிளாக்' அலைவரிசையின் நிபந்தனையிலேயே ஆப்களைத் தடுக்கக் கூடாது என்று இருந்தது. இன்னொரு ஆபரேட்டரான ஏடி அண்ட் டி அன்லிமிடெட் என்று விற்றுவிட்டு வேகத்தைக் குறைத்ததாக நுகர்வோர் பாதுகாப்பைப் பார்க்கும் எஃப்டிசி 2014இல் வழக்குப் போட்டது, 2019இல் 6 கோடி டாலருக்கு முடிந்தது. குறைக்கலாமா என்பதைவிட, குறைப்போம் என்று ஒழுங்காகச் சொன்னார்களா என்பதுதான் அங்கே பேச்சு.

வீடியோவுக்கு மட்டும் வேகம் குறைக்கும் பிளான்களும் இங்கே இருக்கின்றன, 480பிக்கு மேல் போகாது. ஃபாஸ்ட் டாட் காம் நெட்ஃபிளிக்ஸ் சர்வர்களில் இருந்தே அளக்கிறது, ஆகவே அதில் 1.5 எம்பிபிஎஸ்ஸும் மற்ற ஸ்பீடு டெஸ்டில் 80ம் காட்டினால் வீடியோக் கடிவாளம் என்று தெரிந்துகொள்ளலாம். விபிஎன் உண்மையில் உதவுவது இந்த ஒரு வகைக்குத்தான்.

ஃப்ரீநெட்_புலி:

எதுக்கு ப்ரோ இவ்வளவு கஷ்டம். இன்ஜெக்டர் ஆப் ஒன்று போட்டு கான்ஃபிக் ஃபைல் போட்டால் கோட்டாவே கழியாது. டெலிகிராமில் தினமும் புது ஃபைல் விடுகிறார்கள், எந்த ஆபரேட்டர் என்று மட்டும் சொல்லுங்கள், லிங்க் தருகிறேன்.

நைட்ஷிஃப்ட்_கோர்:

புலி, அந்த லிங்க்கை இங்கே போடாதீர்கள்.

நான் டெலிகாம் கோர் பக்கம் வேலை பார்க்கிறவன், அதனால் புலி சொன்னது, மைனர் கேட்டது இரண்டுக்கும் சேர்த்தே சொல்கிறேன். அந்த கான்ஃபிக் ஃபைல்கள் செய்வது இவ்வளவுதான்: ஆபரேட்டர் கணக்கில் சேர்க்காத ஏதோ ஒரு தளத்தின் பெயரைப் போட்டுக் கேட்வேயை ஏமாற்றி, உள்ளே யாரோ முகம் தெரியாத ஒருவரின் சர்வருக்கு உங்கள் டேட்டா முழுவதையும் அனுப்புவது. ஆபரேட்டருக்கு இது திருட்டு, ஓட்டை தெரிந்ததும் அடைப்பார்கள், அதனால்தான் தினம் ஒரு ஃபைல் தேவைப்படுகிறது. உங்களுக்கு அதைவிட மோசம். அந்த சர்வர்காரர் எதற்காக மாதம் மாதம் வாடகை கட்டி உங்களுக்கு இலவச நெட் தருகிறார்? ரூட் போனில், அதுவும் ஆபீஸ் லேப்டாப்பை மாட்டிக்கொண்டு, இதைச் செய்கிறவர் தைரியசாலிதான்.

இப்போது மைனரின் கேள்வி, யார் எங்கே பிடித்து வைத்திருக்கிறார்கள் என்பது. 4ஜியில் உங்கள் டேட்டா எல்லாம் பிஜிடபிள்யூ என்ற கேட்வே வழியாகத்தான் இன்டர்நெட்டுக்குப் போகும், எஸ்ஏ முறை 5ஜியில் (4ஜி துணையில்லாத 5ஜி) அந்த இடத்தில் யூபிஎஃப். அது பைட் எண்ணிக்கொண்டே சார்ஜிங் சிஸ்டத்துக்குச் சொல்லும், எந்த ரேடியோ வழியாக வந்தது என்ற குறிப்பும் கூடவே போகும். 2 ஜிபி தொட்டதும் பாலிசி சர்வரில் இருந்து இந்த சிம்முக்கு இனி இந்த வேகம் என்று ஒரு உத்தரவு கேட்வேக்கு வரும். அந்த நொடியில் இருந்து கேட்வே அதற்கு மேல் வரும் பாக்கெட்டைக் காக்க வைக்கும் அல்லது தூக்கி எறியும். எறியும்போது சர்வர் மறுபடி அனுப்பும், அதுவும் எறியப்படும், அதனால்தான் 64 கேபிபிஎஸ் காகிதத்தில் இருப்பதைவிட இன்னும் மோசமாகத் தெரிகிறது. கணக்குப் போட்டால் நொடிக்கு 8 கிலோபைட். 1 எம்பி போட்டோ ஒன்று இரண்டு நிமிஷத்துக்கு மேல் எடுக்கும்.

நெரிசலா கடிவாளமா என்று சந்தேகம் வந்தால் ஸ்பீடு டெஸ்ட் கிராஃபைப் பாருங்கள். டவரில் கூட்டம் என்றால் வேகம் ஏறி இறங்கித் தள்ளாடும், கடிவாளம் என்றால் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி ஒரே மட்டத்தில் நிற்கும். நெரிசலுக்கு பேண்ட் மாற்றிப் பார்க்கலாம். கடிவாளத்துக்கு ஒன்றும் கிடையாது.

இன்னொன்று, ஐஎம்இஐ (போனின் அடையாள எண்) மாற்றினால் புது போன் என்று நினைத்துக்கொள்ளும் என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள். சார்ஜிங் சிஸ்டம் சிம்மைப் பார்க்கிறது, ஐஎம்இஐயைப் பார்த்துக் கோட்டா தருவதில்லை. பலனும் இல்லை, நம் நாட்டில் அது 3 ஆண்டு வரை சிறைக்குப் போகக்கூடிய குற்றம்.

மாடிவீட்டு_மைனர்:

கர்னல்காரன் அண்ணா, நீங்கள் சொன்னதுதான் நடக்கிறது. நான் உட்காரும் அறை வீட்டுக்கு நடுவில், மேலே கான்கிரீட், பக்கத்தில் பீரோ. அங்கே போன் தகவல் பக்கத்தில் பாதி நேரம் எல்டிஇ, அதாவது 4ஜி என்றுதான் காட்டுகிறது. நெட் மானிட்டரில் என்78 என்ற 5ஜி பேண்ட், சிக்னல் -118 டிபிஎம் பக்கம் ஊசலாடுகிறது, கொஞ்ச நேரத்தில் 4ஜிக்குத் தாவிவிடுகிறது. அதே போனைத் தெருப்பக்கம் ஜன்னல் திண்டில் வைத்தால் -93, அங்கே இருக்கும்வரை தாவுவதே இல்லை. கோட்டா தீர்ந்த பிறகு ஜன்னலில் வைத்து டெஸ்ட் போட்டேன், 200 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் வந்தது!! இத்தனை நாள் கர்னல் கர்னலாக மாற்றிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

சரி, இப்போது ரூட்டை வைத்து 4ஜிக்குத் தாவவிடாமல் பூட்ட முடியுமா? போன் கால் வராமல் போய்விடுமா? எனக்கு இரண்டு சிம் இருக்கிறது.

கர்னல்காரன்:

இதற்கு ரூட் உதவும், ஓரளவுக்கு ரூட் இல்லாமலும் முடியும்.

அதே 4636 பக்கத்தில் விருப்ப நெட்வொர்க் வகை என்ற பட்டியலில் 'என்ஆர் ஒன்லி' (என்ஆர் என்றால் 5ஜி) என்று ஒன்று இருக்கும். அது பிடிக்குமா என்பது நெட்வொர்க்கைப் பொறுத்தது. நம் நாட்டில் 5ஜி இரண்டு விதமாக வந்தது. ஜியோ ஆரம்பத்தில் இருந்தே எஸ்ஏ, அதாவது 4ஜியின் துணை இல்லாமல் தனியாக நிற்கும் 5ஜி. ஏர்டெல் என்எஸ்ஏவில் தொடங்கியது, அதில் 4ஜி இணைப்பைப் பிடித்துக்கொண்டுதான் 5ஜி மேலே ஏறும். எஸ்ஏவில் என்ஆர் ஒன்லி போட்டால் நிற்கும். என்எஸ்ஏவில் போட்டால் சிக்னலே காணாமல் போகும், பதறாமல் பழையபடி மாற்றிவிடுங்கள். என்எஸ்ஏவில் இன்னொரு வம்பும் உண்டு, செல் 5ஜிக்குத் தயார் என்றாலே சில போன்கள் மேலே 5ஜி சின்னத்தைக் காட்டிவிடும், டேட்டா 4ஜியில் போய்க்கொண்டிருக்கும். சின்னத்தை நம்பாதீர்கள் என்று முன்பே சொன்னது அதனால்தான்.

ரூட் இருந்தால் நெட்வொர்க் சிக்னல் குரு மாதிரி ஆப்களில் குறிப்பிட்ட பேண்டைப் பூட்டலாம், குவால்காம் மோடமில் நன்றாக வேலை செய்யும், உங்களுடையது ஸ்னாப்டிராகன் என்பதால் பிடிக்கும். மீடியாடெக் என்றால் இன்ஜினியர் மோடில் இதே வசதி இருக்கிறது. சில போன்களில் அணைத்துப் போட்டால் பூட்டு கழன்றுவிடும், அது ஒரு வகையில் நல்லதுதான், எங்காவது வெளியூரில் மாட்டிக்கொண்டால் ரீஸ்டார்ட் செய்து தப்பலாம்.

எந்த பேண்டைப் பூட்டுவது என்பதில் கவனம் வேண்டும். என்78 என்றால் 3300 மெகாஹெர்ட்ஸ் பக்கம், அகலம் நிறைய, வேகம் கொட்டும், ஆனால் கான்கிரீட் சுவர் இரண்டைத் தாண்டினால் மூச்சு வாங்கும். என்28 என்பது 700 மெகாஹெர்ட்ஸ், வீட்டுக்குள் ஆழமாக வரும், வேகம் என்78 அளவுக்கு இருக்காது. உங்களுக்கோ தேவை வேகம் இல்லை, 5ஜியிலேயே நிற்பது. எஸ்ஏ நெட்வொர்க்கில் என்28 கிடைக்கிறது என்றால் அதைப் பூட்டிவிட்டு நடு அறையிலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம், 20, 30 எம்பிபிஎஸ் வந்தாலும் ஆபீஸ் வேலைக்கு அது தாராளம். ஆனால் -118இல் இருக்கிற என்78ஐப் பூட்டாதீர்கள், இணைப்பு அறுந்து அறுந்து ஒட்டும், போன் இட்லிப் பானையாகச் சூடாகும், சூடு ஏறினால் மோடம் தானே 5ஜியை விட்டு இறங்கிவிடும்.

கால் விஷயம் நீங்கள் கேட்டது சரியான கேள்வி. 4ஜியில் குரல் வோல்டிஇ வழியாகப் போகிறது. என்ஆர் ஒன்லி போட்டால் நெட்வொர்க்கும் போனும் இரண்டுமே வோஎன்ஆருக்கு (5ஜி வழியே குரல்) தயாராக இருந்தால்தான் கால் வரும், லினேஜ் மாதிரி கஸ்டம் ரோமில் அது பல போன்களில் சரியாக வருவதில்லை. ஆகவே டேட்டா சிம்மை மட்டும் பூட்டுங்கள், ஓடிபியும் காலும் வரும் நம்பரை இன்னொரு சிம்மில் 4ஜியில் விட்டுவிடுங்கள். 112க்கு அவசரமாக அழைக்க வேண்டி வந்தால் பூட்டு இடைஞ்சலாக இருக்கக் கூடாது, வீட்டை விட்டுக் கிளம்பும்போது கழற்றிவிடும் பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் வேண்டாம் என்றால் போனை ஜன்னல் திண்டில் சார்ஜரோடு வைத்துவிட்டு லேப்டாப்பை அறையில் வைத்துக்கொள்ளுங்கள், ஹாட்ஸ்பாட் வைஃபை அந்தத் தூரத்துக்கு எட்டும். ரூட்டும் வேண்டாம், மாட்யூலும் வேண்டாம். வெயில் நேராகப் படாமல் மட்டும் பாருங்கள்.

செல்வி_டீச்சர்:

தம்பி, நான் ரூட் எல்லாம் பண்ணி பல வருஷம் ஆகிறது, 4ஜி மட்டும் வரும் ஊரில் இருக்கிறேன், எனக்கு 1.5 ஜிபிதான். ரூட் உங்களுக்கு வேகத்தைக் கூட்டித் தராது, இருப்பதைச் சிந்தாமல் வைத்துக்கொள்ளத்தான் அதன் அருமை தெரியும்.

ஏஎஃப்வால் என்று ஒரு ஃபயர்வால் ஆப் இருக்கிறது, உள்ளே ஐபிடேபிள்ஸ்தான். எந்த ஆப் மொபைல் டேட்டாவில் போகலாம், எது வைஃபையில் மட்டும், எது எதிலும் கூடாது என்று டிக் போட்டுவிடலாம். அனுமதிப் பட்டியல் முறையில் வையுங்கள், நான் சொன்னது மட்டும் போகட்டும் என்று. பிளே ஸ்டோர் அப்டேட், போட்டோ பேக்கப், இன்ஸ்டாகிராம் முன்கூட்டியே இறக்கி வைக்கும் வீடியோக்கள், வாட்ஸ்அப் குடும்பக் குரூப்பில் வரும் காலை வணக்கம் எல்லாம் அதில் அடங்கிவிடும். அட்அவே போட்டு விளம்பர சர்வர்களை ஹோஸ்ட்ஸ் ஃபைலிலேயே அடைத்தால் அதில் ஒரு மிச்சம்.

64இல் விழுந்த பிறகும் இது உதவும், இதைப் பலர் கவனிப்பதில்லை. 64 கேபிபிஎஸ் ஒரே ஆப்புக்குக் கிடைத்தால் வாட்ஸ்அப் மெசேஜ், யூபிஐ, ரயில் டிக்கெட் பார்ப்பது எல்லாம் மெதுவாகவாவது நடக்கும். பின்னாலே முப்பது ஆப்கள் அதைப் பங்கு போடுவதால்தான் எதுவுமே திறக்காத மாதிரி இருக்கிறது. நான் ஏஎஃப்வாலில் "ராத்திரி" என்று ஒரு ப்ரொஃபைல் வைத்திருக்கிறேன், அதில் வாட்ஸ்அப்பும் ஓபரா மினியும் மட்டும்தான் உயிரோடு இருக்கும். ஓபரா மினி பக்கத்தைத் தன் சர்வரிலேயே சுருக்கி அனுப்புவதால் நாளிதழ் படிக்க அது போதும்.

அப்புறம் உங்கள் லேப்டாப்பைப் பாருங்கள். ஹாட்ஸ்பாட்டை விண்டோஸ் வீட்டு பிராட்பேண்ட் என்று நினைத்து அப்டேட்டை அள்ளி இறக்கும், ஒரு மாத அப்டேட்டிலேயே உங்கள் 2 ஜிபி போச்சு. வைஃபை ப்ராப்பர்ட்டீஸில் அந்த ஹாட்ஸ்பாட்டை மீட்டர்டு (டேட்டா அளவு உள்ள) கனெக்‌ஷன் என்று குறித்துவிடுங்கள். ஒன்டிரைவ் சிங்க்கையும் நிறுத்துங்கள்.

மாடிவீட்டு_மைனர்:

டீச்சர், நன்றி, லேப்டாப்பில் மீட்டர்டு போடவே இல்லை. இன்று போட்டுவிட்டேன். ஒன்டிரைவ்தான் பெரிய தீனி தின்றுகொண்டு இருந்திருக்கிறது, ஆபீஸ் டெஸ்க்டாப் ஃபோல்டர் முழுக்க ஏற்றிக்கொண்டு இருந்தது.

என்28 இங்கே கிடைக்கவில்லை, நெட்வொர்க் சிக்னல் குருவில் என்78 மட்டும்தான் தெரிகிறது. ஆகவே ஜன்னல்தான். போன் அங்கே, நான் இங்கே, இன்று சாயங்காலம் வரை 2 ஜிபியில் கால்வாசி கூடத் தீரவில்லை. டிடிஎல் மாட்யூலையும் அந்த ஸ்பீடு வரிகளையும் தூக்கிவிட்டேன், எந்த வித்தியாசமும் தெரியவில்லை.

கடைசியாக ஒன்று. பேங்க் ஆப் ரூட் என்று சொல்லித் திறக்க மறுக்கிறது. ஃபயர்வால் மட்டும்தான் தேவை என்றால் ரூட்டை எடுத்துவிடலாமா?

செல்வி_டீச்சர்:

எடுத்துவிடலாம் தம்பி. நெட்கார்டு என்று ஒரு ஆப் இருக்கிறது, ரூட் வேண்டாம், போனுக்குள்ளேயே ஒரு பொய் விபிஎன் அமைத்து அதே வேலையைச் செய்யும். ஒரே குறை, ஆண்ட்ராய்டில் ஒரு நேரத்தில் ஒரு விபிஎன்தான் ஓடும், ஆபீஸ் விபிஎன்னைப் போனிலேயே போடுகிறவர் என்றால் இரண்டும் ஒத்து வராது. லேப்டாப்பில் போடுகிறீர்கள் என்றால் பிரச்சினை இல்லை. ஆனால் ஹாட்ஸ்பாட் வழியாகப் போகிற லேப்டாப் டேட்டாவை நெட்கார்டு தடுக்காது, அதற்கு மீட்டர்டு குறி ஒன்றுதான் வழி.

கர்னல்காரன்:

மேஜிஸ்க்கை மட்டும் எடுத்தால் பேங்க் ஆப் திறந்துவிடும் என்று நினைக்காதீர்கள். பூட்லோடர் (போன் ஆன் ஆகும்போது முதலில் ஓடும் புரோகிராம்) அன்லாக் ஆகி இருந்தாலும் பிளே இன்டெக்ரிட்டி என்ற கூகுளின் பாதுகாப்புச் சோதனையில் பல ஆப்கள் மடக்கும். கம்பெனி ரோமுக்குத் திரும்பி பூட்லோடரைப் பூட்ட வேண்டி வரும், பூட்டும்போது போன் மொத்தமாக அழிந்துவிடும், பேக்கப் எடுத்துக்கொள்ளுங்கள். லினேஜ் இருக்கும்போதே பூட்லோடரைப் பூட்டிவிடாதீர்கள், பல போன்களில் அதோடு பூட் ஆகாமல் நின்றுவிடும். முதலில் கம்பெனி ரோம், அது முழுசாக பூட் ஆகி வந்த பிறகு பூட்டு. போன் மாடல் சொன்னால் எந்த ரோம் ஃபைல் என்று பார்த்துச் சொல்கிறேன்.